பனாமாக் கால்வாயும் வெள்ளிப் பட்டியலும்

பனாமா நகருக்கு அண்மையிலுள்ள மிராபுளோரஸ் என்னுமிடத்திற் கப்பல்கள் கால்வாயைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்கெனப் பார்வையாளர் மாடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு நின்று நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது கப்பலின் பருமனன்று, அதன் நிதானமாகும். பல்லாயிரம் தொன் சரக்கைச் சுமந்த கப்பலொன்று, இரு மருங்கிலும் கொங்கிறீற்றுச் சுவர்கள் நெருங்கி நிற்கும் நீரறையினுள் மெல்லப் புகுகின்றது. கரைக்கும் கப்பலுக்குமிடையே முதற் கயிற்றைச் சேர்ப்பித்து வந்தோர், சிறு படகொன்றில் துடுப்பு வலித்துச் சென்ற இரு தொழிலாளரே. அதன் பின்னர், சுவர்களின் மேலமைந்த தண்டவாளங்களில் ஓடும் மின்சார இழுவை இயந்திரங்கள் உருக்கு வடங்களாற் கப்பலைப் பற்றிக்கொள்கின்றன. பின்புறக் கதவுகள் மூடப்படுகின்றன. பசுபிக் சமுத்திரத்தை நோக்கிச் செல்லும் கப்பலாயின், பார்ப்போரின் தலைக்கு மேலே நின்ற அதன் தளம் சில நிமிடங்களிற் கண்மட்டத்திற்கு வந்து, பின்னர் அதற்கும் கீழே தாழ்கின்றது. பெரும் இரைச்சல் எதுவுமில்லை. முன்புறக் கதவுகள் திறக்க, கப்பல் தன் வழியே செல்கின்றது.

இக்காட்சியில் மனிதர் மிகச் சிலரே தென்படுகின்றனர். நீரும் கதவும் தாமாகவே இயங்கிக் கப்பலை இறக்கிவிட்டன போன்றதொரு தோற்றம் எஞ்சுகின்றது. பனாமாக் கால்வாயைப் பொறியியலின் வெற்றியாக மாத்திரம் கூறும் நூல்கள் பலவும் இத்தோற்றத்தையே வரலாறாக எழுதியுள்ளன. ஆயின், இவ்வமைதிக்குப் பின்னால் எவருடைய உழைப்பு, எவருடைய நிலம், எவருடைய நீர் உள்ளன என்னும் வினாவை எழுப்பும்போது வேறொரு வரலாறு வெளிப்படுகின்றது. அவ்வரலாற்றின் முதன்மையான கூறுகளை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்ப்பூட்டின் இயல்பு

நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுகளைக் கொண்ட ஒரு நீரறை. அதனுள் நீரை நிரப்பினால் உள்ளே நிற்கும் கலம் உயரும். நீரை வெளியேற்றினாற் கலம் தாழும். இவ்வெளிய தத்துவம் மிகப் பழையது. சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டளவில் சியாவோ வெய்யூ என்னும் அதிகாரி இத்தகைய இரட்டைக் கதவு அமைப்பை நிறுவினார். இரு கதவுகள் கோணமாகச் சந்தித்து, மேற்பக்க நீரின் அழுத்தத்தினாலேயே இறுகிக்கொள்ளும் அமைப்பு பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லியனார்டோ டா வின்சியின் வரைபடங்களிற் காணப்படுகின்றது. பனாமாவின் பழைய நீர்ப்பூட்டுகளிலுள்ள கதவுகளும் இவ்வகையினவே.

ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமான பனாமாக் கால்வாய் கடல் மட்டத்தில் வெட்டப்பட்டதன்று. அத்திலாந்திக் பக்கத்திலிருந்து வரும் கப்பல் கட்டூன் என்னுமிடத்தில் மூன்று படிகளில் உயர்த்தப்பட்டு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீற்றர் உயரத்திலுள்ள கட்டூன் ஏரியை அடைகின்றது. ஏரியைக் கடந்து, குலேப்ரா மலைவெட்டினூடாகச் சென்று, பெத்ரோ மிகேலில் ஒரு படியும் மிராபுளோரசில் இரு படிகளும் இறங்கிப் பசுபிக் கரையைச் சேர்கின்றது. 1914இற் பூர்த்தியான நீரறை ஒவ்வொன்றும் 305 மீற்றர் நீளமும் 33.5 மீற்றர் அகலமும் உடையது. சுவர்களின் உள்ளே ஐந்தரை மீற்றர் விட்டமுள்ள சுருங்கைகள் செல்கின்றன. அவற்றின் வழியே ஏரி நீர் இறங்கி, அறையின் அடித்தளத்திலுள்ள துளைகளினூடாக மேலெழுகின்றது. நீரை இறைக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் நீரின் இயல்பே கப்பலை ஏற்றியிறக்கப் போதியதாகின்றது. பசுபிக் சமுத்திரத்தின் வற்றுப்பெருக்கு மிகப் பெரிதாகையால், மிராபுளோரசின் கீழ்க் கதவுகள் ஏனையவற்றினும் உயரமாக, 25 மீற்றர் வரை எழுந்து நிற்கின்றன. எனினும் அவை உட்குழிவாகச் செய்யப்பட்டமையால் நீரில் ஓரளவு மிதக்கின்றன. அவற்றை அசைக்கச் சிறு விசையே போதும்.

ஒரு கப்பல் கடலிலிருந்து கடலுக்குச் செல்வதற்கு ஏறத்தாழ 20 கோடி லீற்றர் நன்னீர் ஏரியிலிருந்து கடலுக்குள் விடப்படுகின்றது. மழையும் ஆறுமே இக்கால்வாயை இயக்கும் சக்தி என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிரெஞ்சு முயற்சியும் அதன் வீழ்ச்சியும்

1869இற் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்குமிடையிலான கடல்வழியை மாற்றியமைத்தது. கொழும்புத் துறைமுகம் காலியை விஞ்சி வளர்ந்தமைக்கும் அம்மாற்றம் துணைநின்றது. சுயஸ் கால்வாயின் கர்த்தாவான பேர்டினண்ட் டி லெசெப்ஸ் பொறியியலாளரல்லர், அரசதந்திரியாக இருந்தவர். 1879இற் பாரிஸ் நகரிற் கூடிய மாநாட்டில், பனாமாவிலும் சுயஸ் போன்று நீர்ப்பூட்டுகளற்ற கடல்மட்டக் கால்வாயையே வெட்டவேண்டும் என்னும் அவரது கருத்து வென்றது. சாக்ரெஸ் ஆற்றை மறித்து உயரத்தில் ஓர் ஏரியை உண்டாக்கி, நீர்ப்பூட்டுகளாற் கப்பல்களை அதற்கு ஏற்றலாம் என்று கொதான் டி லெப்பினே என்னும் பொறியியலாளர் கூறியதை மாநாடு பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் வெற்றிபெற்ற திட்டம் பெரிதும் அவர் கூறியதை ஒத்ததே.

சுயஸ் மணற்பாங்கான தட்டை நிலம். பனாமாவோ மலையும் பெருமழையும் வெள்ளப் பெருக்குடைய ஆறும் கொண்ட நிலம். வெட்டிய மண் மீண்டும் சரிந்தது. அதனினும் கொடியனவாக மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளரை அழித்தன. நோயின் காரணம் அக்காலத்தில் அறியப்படவில்லை. அன்கோன் மருத்துவமனையில் எறும்புகளைத் தடுப்பதற்காகக் கட்டிற் கால்கள் நீர்க் கிண்ணங்களில் வைக்கப்பட்டன. அந்நீரிலேயே நுளம்புகள் பெருகின. நோயைத் தீர்க்க எழுந்த இடமே நோயைப் பரப்பிற்று. பிரெஞ்சு முயற்சிக் காலத்தில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 22,000 எனக் கணிக்கப்படுகின்றது. 1889இற் கம்பனி முறிந்து, பல இலட்சம் சிறு முதலீட்டாளரின் சேமிப்பு அழிந்தது.

நாடொன்றின் பிறப்பும் உடன்படிக்கையும்

ஐக்கிய அமெரிக்காவின் இரு கரைகளுக்கிடையே கடல்வழியாகச் செல்லும் கப்பல், தென் அமெரிக்காவைச் சுற்றும் வழியைத் தவிர்த்தால் ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் தூரம் குறையும். 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது, ஓரிகன் என்னும் போர்க்கப்பல் பசுபிக் கரையிலிருந்து கியூபாவுக்கு அண்மையை அடைய இரண்டு மாதங்களுக்கு மேல் எடுத்தது. வணிகமும் படைபலமும் ஒருங்கே கால்வாயை வேண்டி நின்றன.

பனாமா அப்போது கொலம்பியாவின் ஒரு பகுதியாக இருந்தது. அமெரிக்கா முன்வைத்த உடன்படிக்கையைக் கொலம்பியாவின் செனட் சபை 1903இல் நிராகரித்தது. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி பனாமா பிரிந்து தனிநாடாகத் தன்னைப் பிரகடனஞ் செய்தது. கொலம்பியப் படைகள் கிளர்ச்சியை அடக்காவண்ணம் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அருகே நின்றன. அதற்குப் பதினைந்து நாட்களின் பின்னர் கையொப்பமான உடன்படிக்கையிற் பனாமாவின் சார்பாகக் கையெழுத்திட்டவர் பிலிப் புனோ-வரியா என்னும் பிரெஞ்சுக்காரர். பனாமியர் எவரும் அதிற் கையெழுத்திடவில்லை. பத்து மைல் அகலமான கால்வாய் வலயத்தில் இறைமையுடையது போன்று ஒழுகும் உரிமை அமெரிக்காவுக்கு என்றென்றைக்குமாக வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக ஒரு கோடி டொலரும், பின்னர் ஆண்டுதோறும் 250,000 டொலரும் பனாமாவுக்குக் கிடைப்பதாயின.

பொன்னும் வெள்ளியும்

1904இல் அமெரிக்கர் வேலையைத் தொடங்கியபோது மருத்துவ அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. மலேரியாவுக்கும் நுளம்புக்குமுள்ள தொடர்பை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் கண்டறிந்திருந்தார். மஞ்சட் காய்ச்சலை நுளம்பே பரப்புகின்றது என 1881இற் கியூப மருத்துவர் கார்லோஸ் பின்லே கூறியது 1900இல் உறுதிப்படுத்தப்பட்டது. மருத்துவர் வில்லியம் கோர்காஸின் தலைமையில் நீர்நிலைகள் வடிக்கப்பட்டு, வீடுகளுக்குப் புகையூட்டப்பட்டு, 1905இன் இறுதியளவில் மஞ்சட் காய்ச்சல் பனாமா நகரிலிருந்து ஒழிக்கப்பட்டது. பொறியியலாளர் ஜோன் ஸ்டீவன்ஸ், மண்ணை வெட்டுவதைக் காட்டிலும் வெட்டிய மண்ணை அகற்றுவதே பெரும் பிரச்சினை என்பதை உணர்ந்து புகையிரதப் பாதைகளைச் சீரமைத்தார். கடல்மட்டத் திட்டத்தைக் கைவிட்டு நீர்ப்பூட்டுத் திட்டத்தை ஏற்குமாறு 1906இல் அமெரிக்கக் காங்கிரசை இணங்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1907 முதல் ஜோர்ஜ் கோதல்ஸ் பணியை நிறைவு செய்தார். இப்பெயர்கள் வரலாற்று நூல்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன.

இனி, பெயர் பெறாதோரைக் கருதலாம். வேலை உச்சநிலையிலிருந்தபோது 40,000க்கு மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர். பார்பேடோஸ் தீவிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 20,000 பேர் ஒப்பந்த அடிப்படையிற் கொண்டுவரப்பட்டனர். அடிமை முறை ஒழிந்து எழுபதாண்டுகளாகியும், அத்தீவில் நிலம் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கையிலேயே இருந்தது. தோட்டக் கூலி உயிர்பிழைக்கவே போதியதன்று. ஆகவே இளைஞர் கப்பலேறினர். பனாமாவில் அவர்களுக்கு மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம், நாளொன்றுக்குப் பத்து மணித்தியால வேலை. ஸ்பெயினிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு இருபது சதம் வழங்கப்பட்டது.

கால்வாய் நிர்வாகம் இரு சம்பளப் பட்டியல்களைப் பேணியது. அமெரிக்க வெள்ளையருக்குப் பொன் நாணயத்திலும் ஏனையோருக்கு வெள்ளி நாணயத்திலும் கூலி கொடுக்கப்பட்டமையால், அவை பொற்பட்டியல் எனவும் வெள்ளிப் பட்டியல் எனவும் பெயர்பெற்றன. நாளடைவில் இப்பெயர்கள் நாணயத்தைக் கடந்து வாழ்வு முழுவதையும் பிரித்தன. தபாற் கந்தோரின் சாளரம், பண்டகசாலையின் வாயில், மருத்துவமனையின் பிரிவு, பாடசாலை, குடியிருப்பு ஆகிய யாவும் பொன் என்றும் வெள்ளி என்றும் வகுக்கப்பட்டன. நிறத்தைக் குறிக்கும் சொல் எதனையும் எழுதாமலே நிறவேற்றுமையைச் சட்டமாக்குவதற்கு இரு உலோகங்களின் பெயர்கள் உதவின.

இவ்வேறுபாடு மரணத்திலும் தொடர்ந்தது. அமெரிக்க நிர்வாகக் காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்தோராக மருத்துவமனைப் பதிவுகள் காட்டும் 5,609 பேரில் ஏறத்தாழ 4,500 பேர் மேற்கிந்தியத் தொழிலாளர். பொற்பட்டியலினரின் வீடுகளுக்கு நுளம்பு வலை அடிக்கப்பட்டது. வெள்ளிப் பட்டியலினரோ நெரிசலான கொட்டகைகளிலும் வாடகைக் குடிசைகளிலும் வாழ்ந்து, நியூமோனியாவுக்கும் மலேரியாவுக்கும் இரையாகினர். மலையைப் பிளக்கும் வெடிமருந்தைத் துளைகளில் நிரப்பும் வேலையும் அவர்களுடையதே. 1908 டிசம்பர் 12ஆம் திகதி பாஸ் ஒபிஸ்போ என்னுமிடத்தில் வெடிமருந்து காலத்துக்கு முன்னரே வெடித்ததில் 23 பேர் மாண்டனர்.

இவ்வுழைப்பு அவர்களுக்கு எதனையும் அளிக்கவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. பனாமாவிலிருந்து அனுப்பப்பட்ட பணத்தைக் கொண்டு பார்பேடோசிற் பல குடும்பங்கள் முதன்முறையாகச் சிறு நிலத்துண்டுகளை வாங்கின. தோட்டத்தின் பிடியிலிருந்து ஓரளவு விடுபட அப்பணம் உதவியது. ஆயின், பனாமாவிலேயே தங்கியோரின் கதை வேறு. 1920இல் வெள்ளிப் பட்டியற் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது; பங்குபற்றியோர் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1941ஆம் ஆண்டின் பனாமா அரசியலமைப்பு, ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத கறுப்பினக் குடியேறிகளின் பிள்ளைகள் அம்மண்ணிலேயே பிறந்திருப்பினும் அவர்தம் குடியுரிமையை மறுத்தது. கால்வாயை வெட்டியோரின் மக்கள், கால்வாய் வலயத்திலும் அந்நியர், அதற்கு வெளியேயும் அந்நியர் என்னும் நிலை உண்டாயிற்று. 1946இன் அரசியலமைப்பே அவ்வநீதியை நீக்கியது. பொன், வெள்ளி என்னும் பெயர்கள் 1940களின் பிற்பகுதியிற் கைவிடப்பட்டன. ஊதிய வேறுபாடு அதன் பின்னரும் வேறு பெயர்களில் நீடித்தது.

நீரில் மறைந்த ஊர்கள்

நீர்ப்பூட்டுகளுக்கு நீர் வேண்டுமாயின் ஏரி வேண்டும். சாக்ரெஸ் ஆறு மறிக்கப்பட்டு உருவான கட்டூன் ஏரி, அக்காலத்தில் உலகிலேயே மனிதரால் ஆக்கப்பட்ட மிகப்பெரிய ஏரியாகும். அதன் அடியிற் காடு மாத்திரம் இருக்கவில்லை. ஆற்றங்கரையிற் பல தலைமுறைகளாகச் சந்தைகளும் கோவில்களும் வாழைத் தோட்டங்களுமாக விளங்கிய ஊர்கள் இருந்தன. 1912 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டாவ்ட் பிறப்பித்த ஆணை, வலயத்தின் நிலம் முழுவதும் கால்வாயின் தேவைக்குரியது என அறிவித்தது. அதனால், நீர் எட்டாத ஊர்களும் கலைக்கப்பட்டன. பின்னர் அந்நிலத்தை மனிதர் வாழ்ந்திராத வனமாக வருணிக்கும் வழக்கம் எழுந்தது. பனாமிய வரலாற்றாசிரியர் மரிக்சா லாசோ 2019இல் வெளியிட்ட நூல் இம்மறைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளது.

1914 ஆகஸ்ட் 15ஆம் திகதி அன்கோன் என்னும் கப்பல் செல்லக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் முதலாம் உலகப் போர் தொடங்கியிருந்தமையால் உலகம் அந்நிகழ்ச்சியை அதிகம் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டிற் குலேப்ரா வெட்டுக்கு, அவ்வேலையை மேற்பார்வை செய்து 1913இல் இறந்த அமெரிக்கப் பொறியியலாளர் டேவிட் கெய்லார்டின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டிய கைகளின் பெயர் எதனையும் அவ்விடம் தாங்கவில்லை.

கால்வாய் கைமாறிய வரலாறு

பனாமியரின் எதிர்ப்பு இடையறாது தொடர்ந்தது. 1964 ஜனவரி 9ஆம் திகதி, தேசிய நிறுவகம் என்னும் பாடசாலையின் மாணவர், வலயத்தினுள் தம் நாட்டுக் கொடியை ஏற்ற ஊர்வலமாகச் சென்றனர். அங்கு நிகழ்ந்த கைகலப்பிற் கொடி கிழிந்தது. அதனைத் தொடர்ந்த கலவரங்களில் இருபதுக்கு மேற்பட்ட பனாமியரும் நான்கு அமெரிக்கப் படைவீரரும் உயிரிழந்தனர். அந்நாள் பனாமாவில் தியாகிகள் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. 1977 செப்டெம்பர் 7ஆம் திகதி ஓமர் டொரிஹோசும் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் புதிய உடன்படிக்கைகளிற் கையொப்பமிட்டனர். என்றென்றைக்கும் என எழுதப்பட்ட உரிமை, 1999 டிசம்பர் 31ஆம் திகதி நண்பகலுடன் முடிவுற்றது.

பனாமாவின் பொறுப்பில் வந்த கால்வாய் செம்மையாகவே இயங்குகின்றது. 2016இற் திறக்கப்பட்ட புதிய நீர்ப்பூட்டுகள் 427 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் உடையன. பக்கத் தொட்டிகளின் உதவியால் ஒவ்வொரு முறையும் பயன்படும் நீரில் அறுபது வீதத்தை மீளப் பயன்படுத்துகின்றன. எனினும் நீர்ப் பிரச்சினை தீரவில்லை. 2023இல் மழை பொய்த்தபோது ஏரியின் மட்டம் தாழ்ந்தது. வழமையாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 36 கப்பல்கள் சென்ற வழியில், அவ்வாண்டின் இறுதியில் 24க்கும் குறைந்த தொகைக்கே இடமளிக்க நேர்ந்தது. பனாமா நகரினதும் கொலோன் நகரினதும் மக்கள் அருந்தும் நீரும் இதே நீர்த்தொகுதியிலிருந்தே பெறப்படுகின்றது என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். இப்பற்றாக்குறையைப் போக்க இந்தியோ ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. அதனால் நிலமிழக்கும் கிராமத்தவர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியுள்ளனர். 1912இல் ஆணையிட்டது அந்நிய ஆட்சி. இன்று திட்டமிடுவது சொந்த நாட்டின் நிறுவனம். இவ்வேறுபாடு சிறியதன்று. ஆயின், கலைக்கப்படும் ஊர் முன்கூட்டியே கேட்கப்படுகின்றதா, கணக்கிற் கொள்ளப்படுகின்றதா என்னும் வினா இரு காலங்களுக்கும் பொதுவானது.

முடிவுரை

1963இற் பனாமாவிலுள்ள வரலாற்றுச் சங்கமொன்று, கால்வாய் வெட்டிய காலத்தில் உழைத்த முதியோரிடம் அவர்தம் அனுபவங்களை எழுதியனுப்புமாறு கேட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் எழுதினர். உலராத உடையுடன் மறுநாள் வேலைக்குச் சென்றமை, காய்ச்சற் கொட்டகைகள், வெடியில் மறைந்த நண்பர்கள் ஆகியவற்றோடு, தாம் செய்த வேலையைப் பற்றிய பெருமிதமும் அக்கடிதங்களிற் காணப்படுகின்றது. ஐம்பதாண்டுகளாக எவரும் கேளாதிருந்த சாட்சியம் அது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலருக்கு அக்கடிதங்களே மூலாதாரமாயின. கேட்கப்பட்டபோது சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது என்பதும், கேட்பதற்குள் பலர் இறந்துவிட்டனர் என்பதும் வரலாறு பயில்வோர் மறக்கலாகாத உண்மைகள்.

மிராபுளோரஸ் மாடங்களில் நிற்போர், கப்பல் கீழிறங்குவதைக் கண்டு வியப்பது நியாயமானதே. நீரின் எளிய இயல்பைக் கொண்டு மலையைக் கடந்த அறிவு, மனித குலத்தின் அரிய சாதனைகளுள் ஒன்று. அச்சாதனையை மதிப்பதற்கும் அதன் விலையைக் கணக்கிடுவதற்கும் முரண்பாடில்லை. கால்வாயின் சம்பளப் பட்டியல் இரண்டாக இருந்தது. அதன் வரலாறும் நெடுங்காலம் பொற்பட்டியலினரின் வரலாறாகவே எழுதப்பட்டது. வெள்ளிப் பட்டியலிலுள்ள பெயர்களையும் சேர்த்து வாசிக்கும்போதே, அந்நீரறையுள் உயர்ந்து தாழும் ஒவ்வொரு கப்பலையும் தாங்கிநிற்பது எது என்பது முழுமையாக விளங்கும்.